மழையோடு வந்த மகள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்கும் இந்து மகாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட பசும்புல் நிலங்களில் வாழ்ந்துவரும் ஜூலு, கோசா என்னும் இரு ஜனசமூகத்தாரும் தம் பெண்மக்களுக்குப் பிரியத்தோடு சூட்டும் நாமங்களுள் நொம்வுலா என்பது ஒன்று. அவர்கள் பாஷைகளில் 'இம்வுலா' என்றால் மழை. முன்னே நிற்கும் 'நோ' என்ற அடைமொழி தாய்மையையும் பெண்மையையும் சுட்டுவது. ஆகவே மழையின் தாய் என்றோ, மழையோடு வந்தவள் என்றோ இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆண்பாலுக்கு உரிய அடைமொழி 'சோ'. 19-ஆம் நூற்றாண்டில் ஜூலு மக்களின் நியாயத்துக்காக வாதாடிய நேட்டால் பிஷப் கொலென்சோவை அவர்கள் 'சொபாந்து', அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்ததும் இம்மரபை ஒட்டியே.

மழை பெய்யும் நாளில் பிறந்த பெண்ணுக்கு இப்பெயரை இடுவது வழக்கம். அந்நாட்டில் கோடைகாலமே மழைக்காலம். அக்டோபர் முதல் மார்ச் வரையில் பெய்வதுதான் பெரும்பகுதி. குளிர்மாதங்களில் புல் காய்ந்து, மாடுகள் மெலிந்து, மண் இறுகிக் கிடக்க, முதல் மழை விழுந்த பின்னரே சோளமும் மக்காச்சோளமும் விதைக்க இயலும். மாடே செல்வமாகவும், மணமகளின் குடும்பத்துக்கு மாடுகளைக் கொடுத்தே விவாகத்தை உறுதி செய்வதே வழக்கமாகவும் வாழ்ந்த ஒரு சமூகத்தில், மழையோடு பிறந்த குழந்தையைப் பெரும் பாக்கியமாகக் கருதியதில் ஆச்சரியம் ஏது?

ஜூலு மக்களின் ஐதிகத்தில் மழைக்கும் மூடுபனிக்கும் விளைச்சலுக்கும் அதிதேவதை நொம்குபுல்வானே என்னும் வானுலகக் கன்னிகை. அவளுக்காக நடந்த விரதம் மனத்தைக் கவர்வது: கன்னிப்பெண்கள் அன்று ஆண்களின் உடையை அணிந்து, பையன்களின் கடமையாகிய மாடு மேய்த்தலைத் தாமே மேற்கொண்டு, அத்தேவியின் பெயரால் ஒரு சிறு தோட்டமும் பயிரிடுவார்கள். வானத்தை இரங்கச் செய்யும் உரிமையைப் பெண்களிடமும் ஒப்படைத்த அந்தப் பழஞ்சமூகத்தின் உள்ளத்தை அறிந்த பிறகுதான் நொம்வுலா என்ற பெயரின் கனத்தை நான் உணர்ந்தேன்.

அம்மக்களிடையே பெயருக்கு இருக்கும் மரியாதை அளவிறந்தது. மணமாகிச் செல்லும் கோசாப் பெண்ணுக்குப் புக்ககத்தார் பெரும்பாலும் 'நோ' என்று தொடங்கும் வேறொரு பெயரை இடுவார்கள். அவளோ 'ஹ்லோனிபா' என்னும் ஆசாரப்படி மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அப்பெயரின் ஒலி அமைந்த சொற்களையும் நாவால் உச்சரிக்கக் கூடாது. மாமனாரின் பெயர் ம்வுலா என்று இருக்குமானால், வானம் பொழிவதைக்கூட அவள் வேறொரு சொல்லால்தான் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய பெயர்களை மிஷன் பள்ளிக்கூடங்கள் எளிதாக ஒதுக்கிவிட்டன என்பதை நினைக்கையில் எனக்கு வேதனை உண்டாகிறது. டிரான்ஸ்கைப் பகுதியில் 1918-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, ஆசீர்வாதங்களின் தாய் என்று பொருள்படும் நொன்ட்சிகெலெலோ என்ற பெயரை இல்லத்தார் இட்டிருக்க, பள்ளியில் கிறிஸ்தவப் பெயர்களின் ஜாபிதாவிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்க நேர்ந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடி, 1994-இல் பாராளுமன்றத்தில் அமர்ந்த அந்த அம்மையாரை உலகம் ஆல்பர்டினா சிசுலு என்றே அறிந்தது. இன்றோ நொம்வுலா என்ற பெயரோடு பள்ளிக்குச் செல்லும் சிறுமி அதே பெயரோடு வீடு திரும்புகிறாள்.