மலையடிவாரத்துப் பெண்



பழனி மலைக்குக் கீழே, காப்பிக்கொட்டைக்குப் பேர்போன பட்டிவீரன்பட்டி. அதன் பக்கத்தில் அய்யன்கோட்டை. நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில், 1926-இல் அங்கே பிறந்தவர் கிருஷ்ணம்மாள்.

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். செய்தி கேட்டுக் கிளம்பிப் போன கிருஷ்ணம்மாள், அந்தப் பக்கத்து மக்களுக்காகவே வாழ ஆரம்பித்துவிட்டார்.

கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து, 1981-இல் 'லாப்டி' என்ற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதாரரிடம் பேசி விலையைப் படிய வைப்பது. வங்கிக் கடனில் நிலத்தை வாங்குவது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துக் கொடுப்பது. இதுதான் வேலை. பத்திரம் மட்டும் பெண்கள் பெயரில். வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் அடகு வைத்துவிட முடியாது பாருங்கள்!

இப்படி நிலம் பெற்றவை சுமார் 13,000 குடும்பங்கள். 2020-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

"அடுத்த ஊர் வம்பு நமக்கு எதுக்கு?" என்போம் இல்லையா? அந்த அம்மா அப்படி நினைத்திருந்தால், அத்தனை வீட்டு உலையிலும் இன்று அடுத்தவர் வயல் கூலி நெல்தான் வெந்துகொண்டிருக்கும்!