ஒட்டுவாரொட்டி



ஒரு சொல்லின் பொருளெல்லை கலங்குமாயின், மொழிக்கு மட்டுமன்று, மக்கள் வாழ்வுக்கும் கேடு விளையும். ‘தொற்று’ என்னுஞ் சொல்லே அதற்குச் சான்று.

தொற்றுதல் என்பது பற்றுதல். கொடி கொம்பில் தொற்றி ஏறும். சிறுவன் கிளையில் தொற்றிக் கொள்வான். ஒருவர் விட்ட கொட்டாவி அருகிருப்பாரைத் தொற்றும். ஒருவருக்கு எழுந்த அச்சம் கூட்டம் முழுவதையும் தொற்றும். நோயும் அவ்வாறு பற்றுதலின் தொற்றுநோய் எனப்பட்டது.

இதனினும் நுண்ணிய சொல் ‘ஒட்டுவாரொட்டி’. தன்னை ஒட்டுவாரை ஒட்டுவது என்பது அதன் பொருள். நெருங்கினாரையே பற்றும் என்னும் வரம்பு அச்சொல்லின் உள்ளேயே அமைந்துள்ளது. சிரங்கும் படர்தாமரையும் இவ்வகையின. தட்டம்மையோ, நோயாளி அகன்ற பின்னும் இரண்டு மணி நேரம்வரை அறைக்காற்றில் நின்று பற்றவல்லது. மலேரியாக் காய்ச்சல் கொசுக்கடியாற் பரவும்; நோயுற்றாரைத் தொடுவதால் வாராது. பரவும் வழி வேறாயிருக்க, எல்லாவற்றையும் ‘ஒட்டிக்கொள்ளும் நோய்’ என ஒன்றாய்க் கூறுதல் பிழை.

இப்பிழையாற் பெருந்துன்பம் உற்றவர் தொழுநோயர். 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். மருத்துவம் பெறாத நோயரோடு நெடுநாள் நெருங்கி வாழ்வாரையே அது பற்றும். அவருள்ளும் மிகப் பலரை உடலின் எதிர்ப்பாற்றலே காத்துவிடும். கைகுலுக்குதலாலும் உடனுண்ணுதலாலும் அது பரவாது. ஆயினும், சொல்லின் வரம்பை மறந்த ஊரார், நோயரை ஊரைவிட்டே விலக்கினர். 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ, வறிய தொழுநோயரைப் பிடித்து அடைத்து வைக்கவும் இடந்தந்தது.

1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்தது. அம்மருந்து உண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பிறர்க்குப் பரவுவது விரைவில் நின்றுவிடும். அவ்வாறிருந்தும் அப்பழஞ்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் கரணியமாகக் காட்டிய சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் அகற்றப்பட்டன. மருந்து வந்த பின்னரும் முப்பதாண்டுகளுக்கு மேல், நலம்பெற்றவரும் நோயரென்றே ஒதுக்கப்பட்டனர்!

ஆதலின், தமிழாசிரியர் இச்சொல்லைக் கற்பிக்குங்கால் பொருளோடு வரம்பையுஞ் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ‘இது ஒட்டும்’ என்று எவரேனும் ஒருவரைச் சுட்டி விலக்குங்கால், ‘எவ்வழியால் ஒட்டும்? எவரை ஒட்டும்?’ என்று மாணவர் வினவப் பழகுக. அவ்வினாவிற்கு விடை காணாமல் எவரையும் வாயிற்புறத்தே நிறுத்துதல் தமிழர்க்கு அறமன்று.