பூட்டிய கதவு பாதுகாப்பாகுமா?

(ஊராட்சிப் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, விளக்கு ஆகியவை பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று, நம் ஊர்களில் பேசப்படாமலே கிடக்கும் ஒரு பொருளைக் குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அறிவு வளர்ச்சி குன்றியோரைப் பற்றியது அது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தகையோர் நம் நாட்டில் சுமார் 15 லட்சம் பேர். இவர்களைத் தம் விருப்பம்போல் நடமாட விடுவதா, ஊரின் பாதுகாப்பைக் கருதி அடைத்து வைப்பதா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரிலிருந்து எனக்கு மனு ஒன்று வந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய 24 வயது இளைஞன் ஒருவன் வைக்கோற்போருக்குத் தீ வைத்துவிட்டான். அவனை ஊரைவிட்டு அகற்றி ஏதேனும் ஒரு விடுதியில் சேர்க்க வேண்டும் என்று 40 பேர் கையொப்பமிட்டிருந்தனர். பரிந்துரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். எனினும், ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமென்று சென்றேன்.

அவன் மாட்டுத் தொழுவத்தில் பூட்டப்பட்டிருந்தான். நடவு வேலையிலிருந்து ஓடி வந்த தாய், "ஐயா, பூட்டினால் என் மனம் வேகிறது, பூட்டாவிட்டால் ஊர் ஏசுகிறது. நான் என்ன செய்வேன்?" என்றார்.

விசாரித்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பீடியும் தீப்பெட்டியும் வாங்கிவர அவனை நாள்தோறும் கடைக்கு அனுப்பியவர்கள், மனுவில் கையொப்பமிட்டவர்களுள் சிலரே! கூலியில்லா ஏவலுக்கு அவன் வேண்டும். ஊரில் வாழ மட்டும் வேண்டாம். ஆயினும், போரை இழந்த உழவரின் அச்சம் பொய்யன்று. ஓராண்டு மாட்டுத் தீவனம் ஒரு நாழிகையில் சாம்பலாயிற்று. அவருக்கும் நியாயம் வேண்டும்.

பூட்டு அந்த நியாயத்தைத் தருமா? 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி, 28 உயிர்கள் மாண்டன. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறை வேறு. ஆனால் ஆபத்து வரும்போது சங்கிலி எவரையும் காக்காது என்னும் பாடம் இரு சாராருக்கும் பொது. பூட்டிய வீட்டில் இருப்பவள் ஒரு பெண்ணாயின், சாவி இருக்குமிடம் தெரிந்தவரிடமிருந்தே தீங்கு வரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமையை இவர்களுக்கு அளிக்கிறது. பலர் காண இவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 18 வயது கடந்த ஒருவருக்குச் சட்டக் காப்பாளர் தேவையாயின், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் என்பவர் சிறைக்காவலர் அல்லர்.

அந்த ஊரார் பள்ளித் திண்ணையில் கூடினர். "அவனை என்ன செய்வது?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன ஆபத்து?" என்று கேட்டோம். மூன்று விடைகள் கிடைத்தன: தீப்பெட்டி, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, தாய் வயலில் இருக்கும் காலை நேரம். அவனிடம் தீப்பெட்டி கொடுப்பதில்லை எனக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். தீயின் தன்மையைத் தாயும் அண்டை வீட்டாரும் பன்முறை செய்து காட்டிக் கற்பித்தனர். கிணற்றுக்குச் சுவர் எழுந்தது. ஊர்க் குழந்தைகளுக்கும் கன்றுகளுக்கும் அதனால் நன்மையே. காலை வேளையில் பால் சங்கத்தில் கேன் கழுவும் வேலை, உரிய கூலியுடன் அவனுக்குக் கிடைத்தது. போரை இழந்தவருக்கு வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் தருவதென முடிவாயிற்று. அக்கட்டுகளைச் சுமந்து சென்று சேர்த்தவன் அந்த இளைஞனே.

இதனால் தொல்லை அடியோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு சந்தை நாளில் பேருந்தேறித் தொலைவூர் போய்விட்டான். நள்ளிரவு வரை தேடினோம். "பூட்டியிருந்தால் இது நேருமா?" என்றனர் சிலர். நேராதுதான். ஆனால் சைக்கிள் பழகும் பிள்ளை விழுந்தால் சைக்கிளையா பூட்டி வைக்கிறோம்? மறுநாள் முதல் அவன் சட்டைப்பையில் முகவரிச் சீட்டு இருக்கிறது. நடத்துநர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

எனவே நான் வேண்டுவது இதுவே. கட்டுப்பாடு தேவைப்படும் இடத்தில், அது அந்த ஆபத்தின் அளவே இருக்கட்டும். ஆளையே விழுங்கிவிட வேண்டாம். பிறரைத் தாக்கும் ஒருவர் இருப்பின், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சீண்டுவோர் யாரென்றும் பாருங்கள். உங்கள் ஊரில் பூட்டிய கதவுக்குப் பின்னால் எவரேனும் இருக்கின்றனரா என்று இந்த வாரமே விசாரியுங்கள். அடையாள அட்டையும் அரசின் பராமரிப்பு உதவித்தொகையும் பெற அக்குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். அந்தத் தாய் ஒருத்தியே சுமந்த காவலை ஊர் முழுதும் பங்கிட்டுக் கொண்டபோதுதான் சாவிக்கு வேலையில்லாமற் போயிற்று.