உப்பு எப்போது இறங்கும்?

இன்னைக்குப் பேசப்போறது வீழ்படிவு பற்றி. தண்ணியில கரைஞ்ச பொருள் எப்படித் திரும்பத் திடமாகி அடியில படியுது?

இதைப் பார்க்க லேப் வேண்டாம், தூத்துக்குடி உப்பளம் போதும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கு. அதில் நம்ம சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, 27 கிராம் போல. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். மொத்தமாக் காய வெச்சா எல்லாம் கலந்து கசக்கும். அப்போ நல்ல உப்பை மட்டும் எப்படி எடுக்கிறாங்க?

ஒவ்வொரு உப்பையும் தண்ணீர் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். ஜிப்சம்னா லிட்டருக்கு இரண்டரை கிராம்கூடக் கரையாது. சாப்பாட்டு உப்போ சுமார் 360 கிராம் வரை கரையும். அதனால வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, வரிசையா இறங்குது. முதலில் கால்சியம் கார்பனேட். தண்ணீர் நாலில் ஒரு பங்கா வற்றும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கானதும் சாப்பாட்டு உப்பு. அதனாலதான் தண்ணியைப் பாத்தி பாத்தியா நகர்த்துறாங்க. ஜிப்சம் முந்தின பாத்தியிலேயே தங்கிடும்.

சிக்கல் கடைசியிலதான். உப்பு இறங்கின பிறகு மிஞ்சுற தண்ணியில மெக்னீசியம் நிறைய இருக்கும். அதை நேரத்துக்கு வடிக்கலைன்னா உப்போட அதுவும் ஒட்டிக்கும். அப்புறம் உப்பு கசக்கும். மெக்னீசியம் குளோரைடு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மூட்டை நசநசன்னு ஆகிடும். சீக்கிரமே வடிச்சாலும் நஷ்டம், இறங்க வேண்டிய உப்பும் தண்ணியோட போயிடும். இந்தக் கணக்குக்குத்தான் பாமே மானி. 25 டிகிரியை ஒட்டி உப்பு இறங்கத் தொடங்கும்; 29, 30 வந்தா வடிச்சிடணும்.

இதுக்கு நடுவில ஒரு மழை பெய்ஞ்சா? அடர்த்தி குறைஞ்சு, படிஞ்ச உப்பு திரும்பக் கரையும். பல நாள் வெயிலும் உழைப்பும் வீண்.

இன்னொன்னு. வாரின உப்பை நல்ல தண்ணியில கழுவினா, உப்பே கரைஞ்சு போகும். அதனால ஏற்கெனவே நிறைவடைந்த உப்புநீரில் கழுவுவாங்க. அதுக்கு மேல உப்பைக் கரைக்க அந்தத் தண்ணியில இடமில்லை. ஒட்டியிருக்கிற மெக்னீசியத்துக்கு மட்டும் இடமிருக்கு.

அடுத்த தடவை கல் உப்பைக் கையில எடுக்கும்போது, சரியான நேரத்தில் மடையைத் திறந்த கையையும் நினைச்சுக்கோங்க.