உப்பும் உயிரும்

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அவை நலிந்தால் உப்பு சிறுநீரோடு கழியும். கைக்குழந்தையின் உயிருக்கே அதனால் ஆபத்து.

1958-ஆம் ஆண்டில் சீக், பெரி என்னும் மருத்துவர் இருவர் விந்தையான நோயொன்றை விவரித்தனர். குழந்தையின் சுரப்பிகளில் குறையில்லை. ஆயினும் உப்பு கழிந்தது. ஹார்மோன் மருந்தும் பயன் தரவில்லை. இத்தகைய குழந்தைகளின் இரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் மிகுந்தே இருப்பது பின்னர்ப் புலனாயிற்று.

கடிதங்கள் குவிகின்றன, வாங்குவார் இல்லை. ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதத்தை ஏற்பி என்பர். அது சிறுநீரகத்தில் மட்டுமன்றி, இரத்தத்தின் வெள்ளணுக்களிலும் உண்டு. ஆகவே, சிறுநீரகத்தைத் தொடாமலே சிறிது இரத்தத்தைக்கொண்டு சோதிக்க வழி பிறந்தது. 1985-இல் அர்மனினி முதலியோர், இந்நோயாளரின் வெள்ளணுக்களில் ஆல்டோஸ்டிரோனைப் பற்றும் திறன் அற்றோ குன்றியோ இருக்கக் கண்டனர். 1998-இல், சில குடும்பங்களில் ஏற்பியின் ஜீனிலேயே பழுது இருப்பது வெளிப்பட்டது.

ஏற்பி பழுதான குழந்தைக்கு, கழிந்த உப்பை மீண்டும் ஊட்டுவதே சிகிச்சை. பலருக்கு வளர வளரத் தொல்லை தணிகிறது. குறை அனுப்புவாரிடமா, பெறுவாரிடமா என்று தெளிந்தபின், எளிய உப்பே உயிர் காக்கிறது.