எந்த மாடி?

  

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அலை தரைக்கு வரும்போதே மிகவும் மெலிந்திருக்கும். கான்கிரீட் கூரைக்கு அடியில் பெரும்பாலும் தொலைந்துபோகும். செல்பேசிக் கோபுரத்தின் அலையோ படுக்கையறை வரைக்கும் வருகிறது. அதைக் கொண்டே ஆள் இருக்குமிடத்தை அறியலாமே என்ற எண்ணத்தில் பிறந்தது நம் துறை.

அலை வந்த நேரத்தை அளந்து தூரம் காண்பது ஒரு வழி. மின்காந்த அலை ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். கடிகாரம் 100 நானோ வினாடி பிசகினால் 30 மீட்டர் பிழை. போதாததற்கு, சுவர்களில் பட்டுச் சுற்றி வரும் அலை தூரத்தைக் கூட்டிக் காட்டும்.

2005இல் ஒட்சாசன், வர்ஷாவ்ஸ்கி, லமார்கா, டி லாரா ஆகிய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஜிஎஸ்எம் என்ற செல்பேசி முறையில் வழக்கமாகக் கணக்கில் எடுப்பவை வலுவான ஆறு செல்கள், அதாவது கோபுர அலைப்பரப்புகள், மட்டுமே. பேசுவதற்கு உதவாத அளவு மெலிந்த மற்ற செல்களையும் அவர்கள் பதிவு செய்தார்கள். கட்டடத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் அலை வலிமைகளால் ஆன ஒரு கைரேகை கிடைத்தது; அதை ஒப்பிட்டு இடத்தைக் கண்டார்கள். பெரிய பல மாடிக் கட்டடங்களில் இடைநிலைப் பிழை சுமார் 5 மீட்டர்தான். மாடிகளையும் பிரித்தறிய முடிந்தது. பயனற்றது என்று ஒதுக்கிய அலையில் இவ்வளவு செய்தி இருந்தது என்பதை இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

மாடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிடைமட்டத்தில் 5 மீட்டர் தவறினால் தீயணைப்பு வீரர் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவார். செங்குத்தில் அதே 5 மீட்டர் தவறினால் அவர் வேறொரு மாடியில் தேடிக்கொண்டிருப்பார். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2019இல், கட்டடத்துக்குள்ளிருந்து வரும் அவசர அழைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு உயரத்தை 3 மீட்டருக்குள் சொல்ல வேண்டும் என்று விதித்தது இதனால்தான். நம் கட்டுரைகளோ இன்னும் கிடைமட்டப் பிழையையே பெரிதாகப் பேசுகின்றன.

நேரத்தை அளக்கும் வழிக்கு இப்போது வசதி கூடியிருக்கிறது. ஜிஎஸ்எம் அலைத் தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 5ஜி 100 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தர வல்லது; நேராக வந்த அலையையும் தெறித்து வந்ததையும் பிரிக்க அந்த அகலம் பெரிதும் உதவும். கைரேகை வழிக்கோ வேறு சிக்கல்: செல்பேசி நிறுவனம் அலைவரிசைத் திட்டத்தை மாற்றினாலே பழைய கைரேகை செல்லாது. ஆகவே இளம் ஆய்வாளர்களை வேண்டிக் கேட்கிறேன்: பதிவெடுத்து எத்தனை மாதம் கழித்துச் சோதித்தீர்கள், வேறு செல்பேசியில் சோதித்தீர்களா, கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்களா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்று. இருக்குமிடம் காணும் இந்தக் கணக்கை நெட்வொர்க்கே, செல்பேசிக்காரர் அறியாமல், போட்டுவிட முடியும். ஒருவர் தம் வீட்டில் எந்த அறையில் இருக்கிறார் என்பதை யார், எப்போது கேட்கலாம்? பிற்பகல் அமர்வில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.