யாத்திரையில் வடிநீர்



உகந்தையிலிருந்து குமண, யால வனங்களூடாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர்க்குச் சுமையிலே வைக்கத்தக்க நற்றுணை, ஈர்ப்பு வடிகட்டி. ஆற்று நீர் நிறைந்த பையை மரக்கிளையிலே தொங்கவிட்டால், நீர் தன் பாரத்தாலேயே குழாய்வழி இறங்கி, வடிகட்டியின் நுண்குழல்களிற் புகுந்து, கீழ்ப்பையிலே தெளிந்து சேரும். பம்பு வேண்டியதில்லை. பைகளுக்கிடையே உயரம் கூடினால் ஓட்டமுங் கூடும். சேற்று நீரையோ முதலிற் படியவிட்டு, வேட்டித் துணியால் வடித்தே ஊற்றுதல் வேண்டும்; இன்றேல் நுண்டுளைகள் விரைவில் அடைபடும்.

0.2 மைக்ரோன் துளை நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவுக் கிருமிகளைத் தடுத்துவிடும். எலிக்காய்ச்சற் கிருமியோ மிக மெல்லியது, அத்துளையூடும் நுழையவல்லது. வைரசுக்களும் அவ்வாறே. ஆகையால், எருமை புரளும் குளத்து நீரை வடித்த பின்னரும் கொதிக்கவைத்தே பருகுக. விறகு நனைந்திருந்தால் குளோரீன் வில்லை இடலாம். கலங்கல் நீரினும் வடித்த நீரிலேதான் அது செவ்வனே வேலை செய்யும்.